விசில் ஊதியும் ஓடாதவர்கள்

காட்டுக் கல்லூரியில் வேகமாக ஓடுகிறவள் மருதி என்ற மான். பயிற்சியாளர் கரடி தன்னைத் தகாத முறையில் தொடுவதாக அவள் முறையிட்டபோது, முதல்வர் யானையார், "முதலில் கோப்பையை ஜெயிப்போம்மா, பிறகு பேசலாம்" என்று அனுப்பிவிட்டார்.

பந்தயத்தன்று விசில் ஒலித்தது. மருதி அசையவில்லை.

"என்னைத் தகாத முறையில் தொட்ட பயிற்சியாளர் நிற்கிற மைதானத்தில் நான் ஓடமாட்டேன்."

எதிரணிக் குதிரை செவலை ஓடியிருந்தால் கோப்பை அவளுக்குத்தான். அவளோ திரும்பி வந்து மருதியின் பக்கத்தில் நின்றாள். "அப்ப நானும் ஓடலைடி."

மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பார்வையாளர் கூட்டத்திலிருந்து முன்னாள் சாம்பியன் முயல் இறங்கி வந்தாள். "எனக்கும் நடந்தது. அன்றைக்கு என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை."

யானையார் எழுந்து கரடியை வெளியேற்றினார். மருதியிடம் வந்து, "அன்றே நான் கேட்டிருக்கணும்மா" என்றார்.

மருதி செவலையின் தோளில் சாய்ந்து, முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.