அணை உடைந்த நாள்

இணையதளம் ஒன்றுக்குக் கட்டுரை எழுதும் மரகதவல்லிக்கு, மக்கள் அதிகம் தேடும் சொற்களின் பட்டியல் தினமும் காலையில் வரும். அன்று முதல் வரியில் 'நெட்டுக்கல் அணை உடைந்த நாள்' என்று இருந்தது. தொள்ளாயிரம் பேர் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அணைக்குக் கீழே, அவள் தங்கை தில்லை வாழும் ஊரிலிருந்து.

"அணை உடையவே இல்லையே சார்?"

"அதனாலதாம்மா இன்னும் யாரும் எழுதல," என்றார் ஆசிரியர் ஜெபராஜ். "நாம எழுதினா, தேடறவங்களுக்கு நம்ம பக்கம்தான் முதல்ல வரும். தலைப்புல ஒண்ணு, முதல் பத்தியில ஒண்ணு, உள்ள ரெண்டு எடத்துல அந்தச் சொல்லை வெச்சிடு."

அவள் தங்கையைப் போனில் அழைத்து, பட்டியலில் பார்த்ததைச் சொன்னாள்.

தில்லை சிரித்தாள். "இங்க குடிக்கவே தண்ணி இல்ல. உடையறதுக்கு அதுல என்னக்கா இருக்கு? ரெண்டு நாளா கரண்டும் இல்ல, யாரு உக்காந்து தேடறா?"

"நீ கிளம்பி இங்க வந்துடுடி."

"எருமை நிறைமாசமா இருக்கு. அதையும் பஸ்ல ஏத்திட்டு வரவா?"

மரகதவல்லி எழுத உட்கார்ந்தாள். ஆசிரியர் சொன்ன நான்கு இடங்களிலும் அந்தச் சொல்லை வைத்தாள். மற்ற எல்லா வரிகளிலும் ஒன்றையே எழுதினாள்: வீட்டைப் பூட்ட நிற்காதீர்கள், மேட்டுக்குப் போங்கள். ஜெபராஜ் சொற்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு வெளியிட்டார்.

மதியத்துக்குள் அந்தப் பக்கம் முதலிடத்துக்கு வந்தது. படித்தவர்கள் ஒவ்வொருவராக மேடேறுவது போல, தேடுபவர்கள் குறைந்தார்கள். எழுநூறு, நூறு, பன்னிரண்டு. நாலு மணிக்கு ஒருவர் மட்டும் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் மறுபடி தில்லையை அழைத்தாள். எருமையை விட்டு வரமாட்டாதவளின் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் அந்த ஒன்று மாறவேயில்லை.