சம்மன் தின்ற ஆடு

தான் போகாமலேயே வழக்கு முடிந்து, குடியிருக்கும் வீடு பங்காளி உடையப்பனுக்கு என்று தீர்ப்பாகிவிட்டதை ரத்து செய்யக் கேட்டு மனுப் போட்ட செம்புலிங்கம், விசாரணையன்று ஒரு வெள்ளாட்டையும் இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். சம்மனைக் கதவில் ஒட்டியதாக, அதைக் கொண்டுபோன கோர்ட் ஊழியரான அமீனா எழுதிக் கொடுத்திருந்தார். பொய்யில்லை, கதவில் மைதாப் பசை காய்ந்திருந்தது. காகிதம்தான் இல்லை. மிச்சப் பசையை நக்க மறுபடி வந்தபோதுதான் ஆடு அகப்பட்டது.

"தெருவுல எல்லாச் செவுத்துலயும் சினிமா போஸ்டர் இருக்கும்மா. அதை விட்டுட்டு என் கதவுக்கு மட்டும் ஏன் வருது? இவன்தான் பழக்கி அனுப்பியிருக்கான்" என்றார் நீதிபதி அம்மாளிடம், உடையப்பனைக் காட்டி.

உடையப்பன் சிரித்தான். "அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சும்மா. நான் ஆடே வளர்க்கலை."

"அவுத்து விடுறேன். யாருகிட்டப் போகுதுன்னு பாருங்க."

நீதிபதி அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையசைத்தார். ஆடு உடையப்பனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே போய், ஓரமாக நின்ற அமீனாவின் சட்டைப்பைக்குள் மூக்கை நுழைத்தது.

"ச்சூ, சும்மா இரு சிட்டு" என்றார் அமீனா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செம்புலிங்கம் உடையப்பனைப் பார்த்தார். உடையப்பன் கூரையைப் பார்த்தான்.

"இந்த வருஷம் ஆள் வராமலே முடிஞ்ச கேஸ் கட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றார் நீதிபதி.

குமாஸ்தா மூன்று நடை நடந்து கட்டுகளைச் சுமந்து வந்து மேசைமேல் அடுக்கினார். ஆடு பையிலிருந்து மூக்கை எடுத்து, ஒவ்வொரு கட்டாகப் பார்த்தது, ஏற்கெனவே பார்த்தவற்றைப் பார்ப்பதுபோல.