நாற்பத்தோராம் நாள் பூச்சு

மஞ்சள் பூச்சை அம்மா யசோதினியின் கன்னத்தில் இழுத்துத் தடவும்போது மணிக்கூடு ஒன்பது அடித்தது. பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள்.

"ஆடாம இரு மகள்" என்றாள் அம்மா புஸ்பம்.

நாற்பது நாளாக அந்த வீட்டில் ஒரு போர். யசோதினியின் முகம்தான் போர்க்களம்.

சுவிஸ் மாப்பிள்ளையின் கலியாணப் பேச்சைக் கொண்டுவந்தவள் மாமி, அப்பாவின் பெரியக்கா. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் படிப்பைக் கேட்கவில்லை, படத்தைத்தான் கேட்டார்கள். பரு மட்டும் தெளிந்தால் மிச்சமெல்லாம் சரி என்றாளாம் மாப்பிள்ளையின் தாய். கலியாண எழுத்து முடிந்த கையோடு சுவிஸுக்குப் பயணம். வந்தாறுமூலை கெம்பஸில் யசோதினி படிக்கிற இரண்டாம் வருஷக் கணிதம் பாதியில் நிற்கும். பெரியக்கா சொன்னால் அப்பா தங்கராசாவுக்கு அது வேதவாக்கு.

 அம்மா மறுநாள் விடிய ஒரு வேப்பங்கொப்பை முறித்துக்கொண்டு வந்தாள்.

அன்றோடு சீனி போனது. பொரியல் போனது. வாவியில் இறால் குவிகிற மாதத்தில் இவள் சோற்றுக் கோப்பையில் மட்டும் பாகற்காய். காலையில் வல்லாரைக் கஞ்சி, பின்னேரம் முகத்துக்குக் கற்றாழைச் சோறு. எல்லாவற்றுக்கும் மேலே, வேப்பிலையும் பச்சை மஞ்சளும் அம்மியில் அரைத்த பூச்சு. உதட்டில் பட்டால் குடல் வரைக்கும் கசக்கும்.

யசோதினி மட்டும் லேசுப்பட்டவளா? பரு இருந்தால்தான் கெம்பஸ். ஆகவே பருவைக் காப்பாற்ற வேண்டும். கன்டீனில் பத்து மணிக்கு எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் இரண்டு, மூன்று மணிக்குச் சீனி தூக்கலாக ஒரு பால்தேத்தண்ணி. எண்ணெய்க் கையாலேயே கன்னத்தையும் தடவிக்கொள்வாள். கணிதம் படிக்கிறவளுக்குக் கணக்குப் பிழைக்காது என்று நம்பியிருந்தாள்.

பிழைத்தது. இருபதாம் நாள் நாடியில் இருந்த பருக்கள் காய்ந்தன. முப்பதாம் நாள் நெற்றி வெளித்தது.

பதினைந்து வயதுக்குப் பிறகு அன்றுதான் அவளுக்குக் கண்ணாடியை விட்டு விலக மனம் வரவில்லை. அந்தச் சந்தோஷமே பிறகு அவளைச் சுட்டது. சொந்த முகமே மாமியின் பக்கம் சேர்ந்துவிட்டதே என்று அழுதாள்.

அதைவிட நொந்தது அம்மாவை நினைத்துத்தான். உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்று தெருவில் போனவர்களையெல்லாம் மறித்துச் சொன்னவள் இதே அம்மா. இப்போது மகளை விமானம் ஏற்ற இத்தனை பிடிவாதமாக அரைக்கிறாள். இன்று விடியவும் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது.

பூச்சைக் கழுவும்போது கொஞ்சம் உதட்டில் பட்டது. கசக்கவில்லை. வெறும் மஞ்சள்.

முகம் தெளிந்துவிட்டது, இனி வேம்பு எதற்கு என்று அம்மா இன்று விட்டிருப்பாள்.

அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தெருவாசல் படலைக்கு வெளியே கூட்டப் போனாள். அப்பா விறாந்தைக் கதிரைகளை மூன்றாம் தடவையாகத் துடைத்தார். யசோதினி சேலையைக் கட்டியபடி முடிவெடுத்தாள். தேத்தண்ணித் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் மாட்டேன் என்று சொல்வது. அப்பா ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மாமி நல்லது கெட்டதுக்கும் வாசல் மிதிக்கமாட்டாள். நடக்கிறது நடக்கட்டும்.

பத்து மணி தாண்டி மாப்பிள்ளை வீட்டாரின் வான் வண்டி வந்து படலையடியில் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை.

யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். வேலிக்கு மேலால் வானின் முன் சீற் தெரிந்தது. அதிலிருந்த பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். வான் பின்னுக்கு எடுத்துத் திரும்பி, வந்த வழியே போய்விட்டது.

அப்பாவின் போன் அடித்தது. மாமியின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"என்னடா தம்பி, ஊட்ட அம்மாள் வருத்தம் வந்திருக்கெண்டு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏறுற பொடியனுக்குத் தொத்தினா ஆர் பதில் சொல்ற?"

அப்பா ஓடினார். யசோதினி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

படலையின் வெளிப்புறத்தில், குறுக்கே இழுத்துக் கட்டிய கயிற்றில் வேப்பங்குலை தொங்கியது. அம்மை கண்ட வீட்டுக்குக் கட்டுகிற கட்டு. அதைக் கண்டால் இந்தப் பக்கத்தில் ஒருவரும் உள்ளே கால் வைப்பதில்லை. அம்மன் இருக்கிற வீடு என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அவிழ்ப்பதற்குக் கையைத் தூக்கிய அப்பா பாதியில் நின்றுவிட்டார். கட்டினது யாராயிருந்தாலும் அது கண்ணகை அம்மன் பேரில் கட்டினது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரை அதில் கை வைக்க எந்தக் கொம்பனுக்கும் துணிவு வராது.

"இத ஆர் கட்டின?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டார். தெருவில் ஒரு நாய் மட்டும் நின்றது.

யசோதினி குசினிக்குப் போனாள். அம்மா அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தண்ணீரில் மஞ்சள் மட்டும் ஓடியது. விடிய முறித்த கொப்பைக் குசினியில் எங்கேயும் காணவில்லை.

அவள் அம்மாவின் பக்கத்தில் குந்தினாள்.

"அப்ப ஏனம்மா நாப்பது நாளும் அரைச்ச?"

"முகம் உனக்குத்தானே மகள், அவங்களுக்கா?" அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "சொன்ன பொய்க்கு அம்மாளுக்கு ஒரு பொங்கல் நேந்திருக்கன். ஞாயிற்றுக்கிழமை தண்ணி வாப்பம். திங்கட்கிழமை கெம்பஸுக்குப் போகக்குள்ள அந்த ரோல்ஸத் தின்னாத."