முட்டுமரத்தின் அலறல்

பழைய தங்கச் சுரங்கம் ஒன்றில், மலையின் பாரத்தை ஒரு கல்தூணும் ஒரு முட்டுமரமும் தாங்கி நின்றன.

"சுற்றியிருந்த பாறையையெல்லாம் வெட்டியெடுத்தவர்கள் என்னைத் தொடவேயில்லை, பார்த்தாயா? அவ்வளவு மரியாதை!" என்றது, உடம்பெல்லாம் தங்கமும் வெள்ளியும் ரேகையோடிய கல்தூண்.

"மரியாதையாவது! கூரை விழுந்துவிடுமே என்ற பயம்" என்றது மரம்.

மற்ற இடத்துத் தங்கமெல்லாம் தீர்ந்தபின், ஆட்கள் தூணிலேயே உளியை வைத்தார்கள். பாரம் தன்மேல் சாய்ந்ததும் மரம் நார் தெறிக்க அலறியது.

"மரம் கத்துது, ஓடுங்கடா!"

எல்லோரும் வெளியே ஓடித் தப்பினார்கள்; கூரை அன்று விழவில்லை. மரத்துக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள், "இது கத்திக் கத்தியே வேலையைக் கெடுக்குது" என்று அதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, அந்த இடத்தில் இரும்புத்தூணை நட்டார்கள்.

வெயிலில் கிடந்த மரம் காதுகொடுத்துக் கேட்டது. உள்ளே உளிச்சத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. இரும்பு வாயே திறக்கவில்லை.