மெயில் ஒழுங்கு

வேலை விஷயமாகப் பதில் வந்தால் விளம்பரக் குவியலில் தொலைந்துவிடக் கூடாதே என்று, தம்பி மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு மெயில்களை வகை பிரிக்கும் மென்பொருளோடு மல்லுக்கட்டினான்.

"பேசாம கம்பெனிக்கே போன் போட்டுக் கேளேன்டா!" என்றாள் அக்கா.

"சும்மா இரு, அக்கா! கட்டளை அடிக்க அடிக்க எர்ரர்னு பல்லைக் காட்டுது."

அப்போது அந்தக் கம்பெனியே போனில் வந்தது.

"திங்கட்கிழமையே மெயில் அனுப்பினோம் சார். உங்க பதில் வரலை, வேற ஆளை எடுத்துட்டோம்."

"பொய்! எனக்கு வரவே இல்லை!"

அக்கா லேப்டாப்பைப் பிடுங்கித் துழாவினாள். குப்பை என்று ஒதுக்கியதில் கிடந்தது அந்த மெயில். 'வாழ்த்துகள்! நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்.'

"இதை எவன்டா குப்பையில போட்டான்?"

தம்பி திரையில் தான் எழுதிய கட்டளையைச் சுட்டிக்காட்டினான்.

"வாழ்த்துகள்னு இருந்தாலே குப்பைக்குத் தள்ளுன்னு நான்தான்க்கா எழுதி வெச்சேன். நமக்கு யாரு நிஜமா வாழ்த்து அனுப்பப் போறாங்கன்னு..."