பதினோரு டேமேஜ்

"இந்த எடத்துலயும் ஒண்ணு இருக்குது கண்ணு" என்று சொல்லி, பொன்னாத்தாள் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் காகிதத்தில் ஒட்டினார்.

முருகவேல் எண்ணிக்கொண்டிருந்தான். அது ஏழாவது அம்பு.

வீரபாண்டி பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். செக்கிங் மேஜையில் குவிந்திருந்த டி-ஷர்ட்டுகளை ஒதுக்கிவிட்டு, முருகவேலின் செல்போனும் ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்தார் பொன்னாத்தாள். இருபது வருஷமாக அங்கே செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் போதும், அம்பு ஒட்டித் தள்ளிவிடுவார். அவர் கையைத் தாண்டிய பீஸில் வெளிநாட்டுக்காரன் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் டேமேஜ் கிடைக்காது.

ஹெட்போனில் ஓடியது முருகவேலின் ஜாஸ் ஆல்பம். அவனுடைய ஆளுயர டபுள் பாஸ், யாழினியின் செல்லோ, பொன்னாத்தாளின் மகன் நித்தீஷின் வயலின். மூன்றே வாத்தியம், எட்டுப் பாட்டு. சாயங்காலத்துக்குள் வெளியிடுகிற கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். ஆனால் நித்தீஷின் அம்மா சரி என்று சொல்லாமல் அனுப்புவதில்லை என்று முருகவேலும் யாழினியும் முடிவு செய்திருந்தார்கள்.

அவர் எங்கே சரி என்று சொல்லப்போகிறார்? பனியன் ஆர்டர் பார்க்கிற நல்ல மெர்ச்சன்டைசர் வேலையை விடவைத்துப் பையனை இழுத்துக்கொண்டு போனவன் என்று முருகவேல் மேல் அவருக்கு அவ்வளவு கோபம். முகம் கொடுத்துப் பேசியே ஏழு மாதம் ஆகிறது. இன்று ஹெட்போனைக் கையில் வாங்கியதே பெரிய விஷயம்.

எட்டாவது அம்பு. பக்கத்தில் நிமிஷத்தையும் செகண்டையும் எழுதினார். முருகவேல் எட்டிப் பார்த்தான். ஆறாவது பாட்டு. ஐயோ, அங்கே அவன் பாஸ் மட்டும்தானே தனியாகப் போகும்! அது முடிந்துதான் வயலின் உள்ளே வரும். மற்ற அம்புகளையும் பார்த்தான். எல்லாமே வயலின் வருவதற்குச் சற்று முந்தைய இடங்கள். அப்படியென்றால் தப்பெல்லாம் தன் விரலில்தானா?

"ஏனுங்கம்மா, அவ்வளவு மோசமாவாங்க இருக்குது?"

"சித்த பேசாம இரு கண்ணு. கேக்கமாட்டேங்குது."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்பது. பத்து. கடைசிப் பாட்டில் ஒன்று. மணி அடித்து, ஆட்கள் மிஷினுக்குத் திரும்ப ஆரம்பித்தபோது ஹெட்போனைக் கழற்றினார்.

முருகவேல் முந்திக்கொண்டான்.

"சவுண்ட் இன்ஜினியர்கிட்டச் சொல்லி இந்தப் பதினோரு எடத்தையும் சுத்தமாத் தொடச்சுப்போடறனுங்கம்மா. ஒரு மணி நேரத்துல முடிச்சுருவாருங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

பொன்னாத்தாள் பதறிப்போய்க் காகிதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, அதுல கைய வெச்சுப்போடாத கண்ணு! அப்படியே அனுப்பு, ஊரு பூராக் கேக்கட்டும். வயலினத் தூக்கறதுக்கு முன்னால மூச்ச இழுத்து உடறானல்ல, அந்த எடந்தான் இதெல்லாம். சுடுகாட்டுக்குத் தூக்கிக் குடுத்து ஏழு மாசங்கழிச்சு, இன்னைக்குத்தான் கண்ணு எம்பையன் மூச்சு உடறதக் கேக்கறேன்."