மூன்றாவது பொருள்

“ரெண்டு மேற்கோள் போதாது, மிஸ் இம்ரி. மூணாவது பொருளை அடிச்சிடுங்க.”

டூகல் ரென்னி தலையை நிமிர்த்தாமலே சொன்னார். எடின்பரோவில், பழைய ஸ்காட்ஸ் மொழிக்கான அகராதி அலுவலகத்தில், இருபது வருடமாக அவருக்கு எதிர் மேசை எல்ஸ்பெத் இம்ரி. இன்று அவளுக்குக் கடைசி நாள். கனடாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குச் சனிக்கிழமை கப்பல். டிக்கெட் கைப்பையில் இருந்தது. போக அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. இருக்கச் சொல்லத்தான் இங்கே ஆள் இல்லை.

கையில் இருந்த சொல் ‘ஸ்பீர்’. முதல் பொருள், கேட்பது. இரண்டாவது, விசாரித்துத் தேடுவது. மூன்றாவது, பெண் கேட்பது.

“நல்லா இருக்கே! எங்க ஊர்ல இன்னிக்கும் ‘அவன் அவளை ஸ்பீர் பண்ணிட்டானா’ன்னுதான் கேப்பாங்க.”

“வாய்ப்பேச்சு சான்றாகாது. எழுத்துல இருக்கணும். அதுவும் 1700க்கு முன்னால.”

“உங்களுக்கு எல்லாமே எழுத்துலதான் வேணும். ஒரு மனுஷன் வாயைத் திறந்து கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?”

“கேட்டும் பதில் வராத இடம் உண்டு” என்றார் ரென்னி, பேனாவைத் துடைத்தபடி.

சரியான கல்லுளிமங்கன் என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் ஒரு பழைய பெட்டியை இழுத்தாள். 1941இல் அவளே எழுதிய மேற்கோள் சீட்டுகள். போர்க்காலத்தில் காகிதத்துக்கு அப்படி ஒரு பஞ்சம். மேசையில் எந்தத் தாள் கிடந்தாலும், பின்பக்கம் காலியாக இருந்தால் போதும், சீட்டளவுக்கு வெட்டி எழுதிவிடுவாள். முன்பக்கத்தைப் படிக்க யாருக்கு நேரம்?

“கிடைச்சாச்சு!” என்று கூவினாள். “1588, தேவாலயப் பதிவேடு. ‘அவள் தந்தையிடம் போய் அவளை ஸ்பீர் செய்தான்.’ இப்ப என்ன சொல்றீங்க?”

“பக்க எண்?”

“இருங்க, பின்னால குறிச்சிருப்பேன்.”

சீட்டைத் திருப்பினாள். பக்க எண் இல்லை. ரென்னியின் பொடிப்பொடியான கையெழுத்து இருந்தது.

‘அன்புள்ள மிஸ் இம்ரி, நேரில் கேட்கத் துணிவில்லாமல் இதை உங்கள் மேசையில் வைக்கிறேன். என்னை மணந்துகொள்வீர்களா? விருப்பமில்லையென்றால் பதில் வேண்டாம். மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்.’

“பக்க எண் கேட்டேன், மிஸ் இம்ரி” என்றார் ரென்னி.

எல்ஸ்பெத் கைப்பையிலிருந்து கப்பல் டிக்கெட்டை எடுத்து, அவர் கண்ணெதிரே சீட்டளவுக்கு வெட்டத் தொடங்கினாள்.